கோழிக்கு ஒரு கடிகாரம், லாரிக்கு ஒரு கடிகாரம்: நம்ம வேலை நேரம் எங்கே போகுது?

(எபிசோடில் பேசியதைப் படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம் இது. பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

நேயர்கள் அனுப்புற வாய்ஸ் மெசேஜ்ல அதிகமா வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு. "காலையில இருந்து ராத்திரி வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கேன், ஆனா வேலை முடிஞ்ச மாதிரியே இல்ல. நேரத்தை எப்படிச் சமாளிக்கிறது?" கேட்கிறவங்கள்ல ஐ.டி. கம்பெனிக்காரங்க உண்டு, ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கிறவங்க உண்டு, சொந்தமா பட்டறை வச்சிருக்கிறவங்களும் உண்டு.

இதுக்கு வழக்கமா வர்ற பதில் உங்களுக்கே தெரியும். அஞ்சு மணிக்கு எந்திரிங்க, பட்டியல் போடுங்க, போனைத் தூர வைங்க, இந்த ஆப்பை இறக்குங்க. அதெல்லாம் தப்புன்னு நான் சொல்ல வரல. ஆனா சேலம், நாமக்கல் பக்கத்துல இருந்து பேசுற எனக்கு, இதைவிட நல்ல பாடம் ரெண்டு நம்ம ஊர்லயே இருக்குன்னு தோணுது. ஒண்ணு கோழிப்பண்ணை, இன்னொண்ணு லாரி. ரெண்டுமே நேரத்தை வச்சுப் பிழைக்கிற தொழில். முட்டை தாமதமானா கெட்டுப் போகும், லாரி நின்னா வட்டி ஏறும். இந்த ரெண்டு தொழிலும் நேரத்தை எப்படிப் பார்க்குதுன்னு புரிஞ்சுக்கிட்டா, நம்ம ஆபீஸ் நாளையும் வேற மாதிரி பார்க்கலாம்.

முட்டைக்குள்ள இருக்கிற கடிகாரம்

முதல்ல கோழி. முட்டைக் கோழியை இங்கே லேயர்னு சொல்வோம். ஒரு கோழிக்குள்ள ஒரு முட்டை உருவாகி வெளியே வர ஏறக்குறைய 24 முதல் 26 மணி நேரம் ஆகும். மஞ்சள் கரு சினைப்பையில இருந்து இறங்கி, வெள்ளைக் கரு சேர சுமார் 3 மணி நேரம். உள்ளே இருக்கிற மெல்லிய சவ்வு உருவாக ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். மிச்சம் இருக்கிற சுமார் 20 மணி நேரமும் ஓடு கட்டுறதுக்கே போகுது.

இதுல ரெண்டு விஷயம் கவனிங்க. முதலாவது, அஞ்சுல நாலு பங்கு நேரம் ஓட்டுக்குத்தான். வெளியே இருந்து பார்த்தா கோழி சும்மா நிக்குது, ஆனா உள்ளே வேலை நடந்துக்கிட்டே இருக்கு. ரெண்டாவது, நம்ம நாள் 24 மணி நேரம், முட்டையோட சுற்று பல கோழிகளுக்கு அதைவிடக் கொஞ்சம் நீளம். அதனால இன்னிக்குக் காலை ஏழு மணிக்கு முட்டை போட்ட கோழி நாளைக்கு ஏழரைக்கோ எட்டுக்கோ போடும், அதுக்கு அடுத்த நாள் இன்னும் தள்ளிப் போகும். தள்ளித் தள்ளி மதியத்துக்கு வந்ததும் ஒரு நாள் விட்டுட்டு, மறுபடியும் காலையில இருந்து ஆரம்பிக்கும். அந்த ஒரு நாளைப் பண்ணைக்காரர் யாரும் கோழியோட சோம்பேறித்தனம்னு கணக்கு எழுத மாட்டாங்க. அது அந்த உடம்போட கணக்கு.

இந்தக் கடிகாரத்தைத் திருப்பி வைக்கிற சாவி ஒண்ணே ஒண்ணுதான், வெளிச்சம். நம்ம பக்கம் பகல் பொழுது பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். முட்டை போடுற கோழிக்கோ நாளுக்கு 16 மணி நேர வெளிச்சம் கொடுக்கிறது வழக்கம். அதனாலதான் விடியறதுக்கு முன்னாடி நாமக்கல் பக்கம் பஸ்ல போனீங்கன்னா, இருட்டுக்குள்ள நீள நீளமா ஷெட்டு மட்டும் விளக்கு எரிய நிக்கும். நாலு மணிக்கு விளக்கு போட்டா ராத்திரி எட்டு மணிக்கு அணைக்கணும். நேத்து நாலு மணி, இன்னிக்கு ஆறு மணின்னு மாத்தினா கோழி குழம்பிப் போயிரும், முட்டை குறையும். அதுக்காகவே டைமர் ஸ்விட்ச் வச்சிருப்பாங்க.

விளக்கு போட்டு அஞ்சாறு மணி நேரத்துக்குள்ள பெரும்பகுதி முட்டை வந்துரும். பண்ணையில ஒரு நாளோட வேலை முழுக்க இந்த ஒரு உண்மையைச் சுத்தித்தான் அமையும். காலையில தீவனம், தண்ணி சரியா வருதான்னு ஒரு பார்வை. அப்புறம் முட்டை எடுப்பு. 30 முட்டை பிடிக்கிற அட்டையில அடுக்கி, உடைஞ்சதைத் தனியா ஒதுக்கி, எண்ணிப் பதிவேட்டுல எழுதணும். முட்டை வர்ற அந்த நேரத்துல யாரும் கூண்டு ரிப்பேரை வச்சுக்க மாட்டாங்க, ஆள் கூட்டி மீட்டிங்கும் போட மாட்டாங்க. ரிப்பேர், சுத்தம், கணக்கு எல்லாம் நகர்த்தக் கூடிய வேலை. அது மதியத்துக்குப் போகும், இல்லைன்னா நாளைக்குப் போகும். முட்டை நகராது.

இங்கே இருந்து முதல் பாடத்தை எடுத்துக்கலாம். நம்ம வேலையிலயும் நகராத வேலை இருக்கு, நகரும் வேலை இருக்கு. பெரும்பாலான பட்டியல்ல ரெண்டையும் ஒரே வரிசையில எழுதி வச்சிடறோம். நாளோட நல்ல நேரம் நகரும் வேலைக்குப் போயிருது, நகராத வேலை ராத்திரி பத்து மணிக்கு வந்து கழுத்தைப் பிடிக்குது.

சாயங்காலத்துக் கிளிஞ்சல்

இன்னொரு நுணுக்கம் சொல்றேன். ஒரு முட்டை ஓட்டுல சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கு. ஓட்டுல பெரும்பகுதி ராத்திரியில கட்டுது. ஆனா விளக்கு அணைஞ்ச பிறகு கோழி தின்னாது. அப்போ கால்சியம் எங்கே இருந்து வரும்? அதனாலதான் கிளிஞ்சலையோ கொரகொரன்னு உடைச்ச சுண்ணாம்புக் கல்லையோ சாயங்காலத் தீவனத்துல சேர்க்கச் சொல்றாங்க. பெரிய துண்டா இருக்கிறதால அது வயித்துல மெதுவா கரைஞ்சு, ராத்திரி முழுக்கக் கால்சியம் கொடுத்துக்கிட்டே இருக்கும். பத்தலைன்னா கோழி தன் எலும்புல இருந்து எடுத்து ஓடு கட்டும். இதே கிளிஞ்சலைக் காலையில மட்டும் கொடுத்தா, அளவு ஒண்ணுதான், பலன் ஒண்ணில்ல.

இதை நம்ம வேலைக்குப் பொருத்திப் பாருங்க. நீங்க தூங்கும்போதும் நடக்கிற வேலை உங்ககிட்டயும் இருக்கு. இன்னொருத்தர் அனுமதி கொடுக்கணும், வங்கியில இருந்து ஒரு காகிதம் வரணும், ஈரோட்டுல இருந்து உதிரி பாகம் வந்து சேரணும். இதெல்லாம் ஓடு கட்டுற மாதிரி, நம்ம கண்ணுக்குத் தெரியாம நேரம் எடுத்துக்கிற வேலை. நம்ம பங்கு அதுல பத்து நிமிஷம்தான். அந்தப் பத்து நிமிஷத்தை இன்னிக்குச் சாயங்காலமே செஞ்சுட்டா, ராத்திரியோ நாளையோ அது தானா பக்குவமாகும். நாளைக்குக் காலையில செஞ்சா ஒரு நாள் முழுசாப் போச்சு. ஆபீஸை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடி நான் கேட்டுக்கிற கேள்வி இதுதான்: "யார்கிட்டயாவது இன்னிக்கே கேட்டு வச்சா, நாளைக்குள்ள பதில் வந்திரும்னு எதாவது இருக்கா?" அதை மட்டும் அனுப்பிட்டுக் கிளம்புவேன்.

வெயில் நேரத்துத் தீவனம்

அடுத்தது கோடை. சித்திரை, வைகாசி வெயில் எப்படின்னு நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம். கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேத்தும். தின்ன தீவனம் செரிக்கும்போது உடம்புக்குள்ள இன்னும் சூடு உண்டாகும். அதனால உச்சி வெயில்ல தீவனத்தைத் திணிக்க மாட்டாங்க. விடியற்காலைக் குளிர்ச்சியிலயும் சாயங்காலத்துலயும் கொடுப்பாங்க. சில பேர் நடு ராத்திரி ஒரு மணி நேரம் விளக்கு போட்டுக்கூடத் தீவனம் எடுக்க வைப்பாங்க.

ஒரு கோழி ஒரு நாளைக்குத் தின்கிறது சுமார் 110 கிராம். அந்த அளவை எந்த நேரத்துல கொடுக்கிறதுங்கிறதுதான் பண்ணைக்காரரோட கெட்டிக்காரத்தனம்.

நமக்கும் ஒரு உச்சி வெயில் இருக்கு. சில பேருக்கு மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம், சில பேருக்குச் சாயங்காலம். அந்த நேரத்துல கடினமான கணக்கைத் திறந்து வச்சுக்கிட்டு, "எனக்கு ஒழுக்கம் போதல"ன்னு நம்மளை நாமே திட்டிக்கிறோம். அதே வேலையைக் காலையில ஒன்பது மணிக்கு வச்சா அரை மணி நேரத்துல முடியும். ஒரு வாரம் குறிச்சுப் பாருங்க, உங்க உச்சி வெயில் எப்போன்னு தெரிஞ்சுரும். பில் அடுக்குறது, போன் பேசுறது மாதிரி லேசான வேலையை அங்கே தள்ளுங்க.

லாரி ஓடுற நேரமும் நிக்கிற நேரமும்

சரி, இப்போ லாரிக்கு வருவோம். ஏன்னா கோழிப் பாடம் மட்டும் போதாது. கோழிப்பண்ணையில நேரத்தை முடிவு பண்றது பண்ணைக்காரர். ஆனா நம்மள்ல நிறைய பேரோட நேரம் நம்ம கையில இல்ல. அதைப் பத்தி லாரிக்காரங்களைவிட நல்லாச் சொல்ல ஆள் கிடையாது.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரி எவ்வளவு பெரிய தொழில்னு உங்களுக்குத் தெரியும். பாடி கட்டுற பட்டறை, கேஸ் டேங்கர், நாடு பூராவும் சுத்துற போர்வெல் வண்டி, எல்லாம் இங்கே இருந்துதான். ஒரு கணக்குப் போடலாம். இது நான் உதாரணத்துக்குப் போடுற கணக்கு. 600 கிலோமீட்டர் ட்ரிப். மணிக்கு 40 கிலோமீட்டர்ல போனா 15 மணி நேரம். அடிச்சுப் பிடிச்சு 50-ல போனா 12 மணி நேரம். மிச்சம் 3 மணி நேரம். அந்த மூணு மணி நேரத்துக்காக டீசல் கூடச் செலவாகுது, டயர் தேயுது, உயிருக்கும் ஆபத்து.

இப்போ ஏத்துற இடத்துல ஒரு நாள், இறக்குற இடத்துல ஒரு நாள் வண்டி நிக்குதுன்னு வைங்க. 48 மணி நேரம் போச்சு. குடோன்ல ஆள் வரல, பில் ரெடியாகல, முன்னாடி நாலு வண்டி நிக்குது. ரெண்டு இடத்துலயும் பாதி நாள் குறைச்சாலே 24 மணி நேரம் மிச்சம். ரோட்டுல பறந்து பிடிச்சதைவிட எட்டு மடங்கு. வண்டி நின்னாலும் கடன் தவணை, இன்சூரன்ஸ், பர்மிட்டுச் செலவு நிக்கிறதில்ல.

நடைமுறையிலயும் அப்படித்தான் நடந்திருக்கு. 2017 ஜூலையில ஜி.எஸ்.டி. வந்தப்போ மாநில எல்லையில இருந்த வணிக வரிச் சோதனைச் சாவடிகளை எடுத்தாங்க. 2021 பிப்ரவரியில சுங்கச் சாவடிகள்ல பாஸ்டேக் கட்டாயமாச்சு. எந்த டிரைவரும் அதுக்காக வேகமா ஓட்டக் கத்துக்கல. ஆனா நிக்கிற நேரத்துல ஒரு பங்கு குறைஞ்சது. நேரத்தை மிச்சம் பிடிச்சுக் கொடுத்தது, வழியில இருந்த தடையை எடுத்த முடிவு.

நம்ம ஆபீஸ்லயும் இதே கதைதான். ஒரு கோப்பு பத்து நாள் எடுத்துக்குதுன்னா, அதுல யாராவது அதைக் கையில எடுத்து வேலை பார்த்த நேரம் ரெண்டு மணி நேரம்கூட இருக்காது. மிச்சம் எல்லாம் ஒருத்தர் மேஜையில இருந்து இன்னொருத்தர் மேஜைக்குக் காத்திருந்த நேரம். நாம என்ன பண்றோம்னா, அந்த ரெண்டு மணி நேரத்தை ஒன்றரை மணி நேரமாக்கப் படாத பாடு படுறோம்.

காத்திருக்கிறது ஓய்வு ஆகாது

இப்போ சொல்லப் போறதுதான் இந்த எபிசோடுல முக்கியம். வண்டி நிக்கிற நேரத்துல டிரைவர் தூங்கலாமேன்னு சில பேர் நினைக்கிறாங்க. தூங்க முடியாதுங்க. எப்போ பேர் கூப்பிடுவாங்கன்னு தெரியாது. வண்டியை நாலடி முன்னாடி எடுக்கச் சொல்லுவாங்க. சரக்கை எண்ணிப் பார்க்கணும். காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு குடோன் வாசல்ல நின்ன ஆளுக்கு, ராத்திரி எட்டு மணிக்கு லோடு முடியுது. தார்ப்பாய் கட்டி, சாப்பிட்டு, பத்து மணிக்குக் கிளம்புறார். அந்த நிமிஷமே அவர் முழிச்சு 17 மணி நேரம் ஆயிடுச்சு. ராத்திரி பூரா ஓட்டம் இனிமேல்தான்.

1997-ல நேச்சர் இதழ்ல டாசன், ரீட்னு ரெண்டு ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டாங்க. 17 மணி நேரம் தொடர்ந்து முழிச்சிருக்கிற ஆளோட செயல்திறன், ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கிற ஆளோட அளவுக்குக் குறைஞ்சு போகுதுன்னு. நம்ம நாட்டு மோட்டார் வாகனச் சட்டப்படி 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமுக்கு மேல போனாலே, அதாவது 0.03 சதவீதம் தாண்டினாலே, குடிச்சுட்டு ஓட்டினதா வழக்கு. ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத அந்த டிரைவர் குடிகாரரோட நிலைமையில வண்டியை எடுக்கிறார். ஊதச் சொல்ற எந்தக் கருவியும் இதைக் காட்டாது.

ஓய்வு பத்தி சட்டம் பேசாம இல்ல. 1961-லயே வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்னு பொதுவான வரம்பு வச்சது. அஞ்சு மணி நேரத்துக்கு மேல தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவுல அரை மணி நேரமாவது ஓய்வு வேணும்னும் சொன்னது. ஐரோப்பாவுல நாலரை மணி நேரம் ஓட்டினா 45 நிமிஷம் கட்டாய ஓய்வு. அதைப் பதிவு பண்ண வண்டியிலயே கருவி இருக்கு. நம்ம பக்கம் விதி காகிதத்துல இருந்தது. குடோன் வாசல்ல அதைப் பார்க்க ஆள் இல்ல.

இந்த இடத்துல, நேர மேலாண்மைன்னா என்னன்னு கொஞ்சம் நிதானமா யோசிக்கணும். அந்த டிரைவர் கையில ஒரு நேர மேலாண்மைப் புத்தகத்தைக் கொடுத்து என்ன பிரயோஜனம்? கொடுக்கணும்னா குடோன் மேனேஜருக்குத்தான் கொடுக்கணும். "நாளைக்கு மதியம் ரெண்டு மணிக்கு உங்க வண்டியைக் கூப்பிடுவோம், அதுவரைக்கும் தூங்குங்க"ன்னு ஒரு நேரம் குறிச்சுக் கொடுத்தாப் போதும். அவருக்கு ஒரு ரூபா செலவு இல்ல. டிரைவருக்கு ஆறு மணி நேரத் தூக்கம். தொப்பூர் கணவாய்ல எதிர்ல வர்ற குடும்பத்துக்கு அது உயிர்.

நாமளும் யாரோ ஒருத்தருக்கு குடோன் மேனேஜர்தான். நாம சரி சொல்ற வரைக்கும் யாரோ காத்திருக்காங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு "இதைக் கொஞ்சம் பார்த்துக் கொடுங்க"ன்னு தூக்கிப் போடுற வேலை, ஒருத்தரோட ராத்திரிச் சாப்பாட்டை எடுத்துக்குது.

நாளைக்கே செய்யக் கூடியது

ஒரு ஆடிட்டர் ஆபீஸை உதாரணமா எடுத்துக்கலாம். மாதாமாதம் தாக்கல் செய்யறவங்களுக்கு 11-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-ஆம் தேதி 3-பி. இது முட்டை மாதிரி, நகராது. கடைக்காரங்க பில் கொண்டு வந்து கொடுக்கிறதுதான் காத்திருப்பு. 9-ஆம் தேதி கேட்டா பத்தாம் தேதி ராத்திரி கண் முழிக்கணும். மூணாம் தேதியே எல்லாருக்கும் ஒரு செய்தி அனுப்புறதுதான் சாயங்காலத்துக் கிளிஞ்சல். உங்க வேலைக்கு ஏத்த மாதிரி இதை நாலு படியாச் செய்யலாம்.

ஒண்ணு, இந்த வாரத்துல நகராத வேலை எதுன்னு மூணுக்குள்ள எழுதுங்க. உங்க தெளிவான நேரத்தை முதல்ல அதுக்குக் கொடுங்க.

ரெண்டு, கிளம்புறதுக்கு முன்னாடி, அடுத்தவங்க கையில பக்குவமாக வேண்டியதை அனுப்பிட்டுக் கிளம்புங்க.

மூணு, வாரத்துல அரை நாள் காலியா விடுங்க. கோழிக்கே சுற்று தள்ளிப் போய் ஒரு நாள் விட்டுப் போகுது. நம்ம வேலை ஒவ்வொண்ணும் அரை மணி நேரம் தள்ளும். தள்ளினது வந்து விழ ஒரு இடம் வேணும்.

நாலு, உங்களுக்காக யார் காத்திருக்காங்கன்னு ஒரு பட்டியல் எழுதுங்க. இன்னிக்குப் பதில் சொல்ல முடியலைன்னா, எப்போ சொல்வீங்கன்னாவது சொல்லிடுங்க. நேரம் குறிச்சுச் சொன்னா, அவங்க வேற வேலை பார்க்கலாம், இல்லைன்னா தூங்கலாம்.

நாலாவதை மட்டும் செஞ்சாலும் போதும்னுதான் சொல்லுவேன். முதல் மூணும் உங்க நேரத்தைக் காப்பாத்தும், நாலாவது உங்க கூட வேலை பார்க்கிறவங்க நேரத்தைக் காப்பாத்தும். அவங்க நேரம் மிச்சமானா, உங்க வேலையும் சீக்கிரம் உங்ககிட்ட திரும்பி வரும்.

லாரி ஓட்டுறவங்க, பண்ணையில வேலை பார்க்கிறவங்க யாராவது இதைக் கேட்டுக்கிட்டிருந்தா, உங்க நாள் எப்படிப் போகுதுன்னு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல அதை வச்சே பேசலாம்.